சீல் இறைச்சி யார் தட்டில்?

நூறு கிராம் சீல் இறைச்சியில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதே எடை மாட்டிறைச்சியில் இரண்டோ மூன்றோ மில்லிகிராம்தான் தேறும். மாதவிடாய் வயதிலுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது கனடாவின் பரிந்துரை. உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு சீல் இறைச்சி தின்றால் அன்றைய கணக்கு முடிந்துவிடும். ஆனால், தலைமுறை தலைமுறையாகச் சீலை வேட்டையாடி உண்டுவரும் இனுயிட் மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது வேறொரு கணக்கு வந்தது. 2007, 2008 ஆண்டுகளில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேஸ் ஈக்லண்ட் தலைமையிலான குழு, அமுண்ட்சென் என்ற பனியுடைப்புக் கப்பலைக் கொண்டு ஆர்க்டிக் கடற்கரையோரம் சென்று, நூனவுட், இனுவியாலுயிட், நூனாட்சியாவுட் பகுதிகளின் 36 ஊர்களில் உடல்நல ஆய்வு நடத்தியது. கருவுறாத பெண்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ரத்தசோகை இருந்தது. கியூபெக் மாகாணத்தின் வடகோடியான நூனவிக்கில் 2004-இல் நடந்த ஆய்வில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பத்தில் நான்கு பெண்களுக்குச் சோகை. ('எஸ்கிமோ' என்று நம் பள்ளிப் பாடங்கள் சொல்லித்தந்த பெயரைக் கனடாவில் அம்மக்கள் விரும்புவதில்லை, இனுயிட் என்றால் அவர்கள் மொழியில் 'மனிதர்கள்'.) உலகிலேயே இரும்பு மிகுந்த உணவுப் பண்பாடு ஒன்றில் பிறந்த பெண்களின் ரத்தத்தில் இரும்பு ஏன் குறைகிறது? ஆய்வு உலகம் பல பத்தாண்டுகளாகச் சுற்றிச்சுற்றி வரும் கேள்வி இது. கேள்வி கேட்கப்படும் விதத்திலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது என்பதும், 'இனுயிட் உணவு' என்ற பொதுப்பெயரை விட்டுவிட்டு எந்த வீட்டில் எந்தப் பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும் என்பதும் என் வாதம். மீதிக் குழப்பத்துக்கு வயிற்றுக்குள்ளும் பரிசோதனைக் கூடத்துக்குள்ளும் காரணம் தேட வேண்டியிருக்கும்.

முதலில் அந்த இறைச்சியைப் பற்றி. சீல், பெலுகா திமிங்கிலம் போன்றவை மூச்சை அடக்கிக்கொண்டு நெடுநேரம் நீருக்கடியில் இரைதேடும் பாலூட்டிகள். அதற்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும்பங்கைத் தசையிலேயே சேமித்துவைக்கின்றன. சேமிக்கும் பாத்திரம் மயோகுளோபின் என்ற புரதம். அதன் நடுவில் இரும்பு அணு. நிலத்து விலங்கின் தசையில் உள்ளதைவிடப் பல மடங்கு மயோகுளோபின் இருப்பதால்தான் சீல் இறைச்சி கருஞ்சிவப்பாக, ஏறக்குறைய கறுப்பாகத் தெரிகிறது. பெலுகா இறைச்சி இன்னும் ஒரு படி மேல்: பச்சையாக நூறு கிராமில் சுமார் 25 மில்லிகிராம், காயவைத்தால் நீர் வற்றி 70-ஐத் தாண்டும். அதோடு, இது ஹீம் வகை இரும்பு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் குடல் ஏற்பதற்குத் தேநீரும் தானியத்தின் பைட்டேட்டும் குறுக்கே நிற்கும். ஹீம் இரும்புக்கு அந்தத் தடைகள் பெரிதில்லை. உண்டதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உடலில் சேர்ந்துவிடும். காகிதத்தில் பார்த்தால் சோகைக்கு இடமே இல்லை. இந்தக் காகிதக் கணக்கை உலகம் நம்பியதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஆர்க்டிக் பயணி வில்யால்மூர் ஸ்டெஃபான்சன் 1928-இல் தொடங்கி ஓராண்டு நியூயார்க்கில் மருத்துவர்களின் கண்காணிப்பில் இறைச்சியும் கொழுப்பும் மட்டுமே உண்டு ஆரோக்கியமாக இருந்து காட்டியபிறகு, வடதுருவ உணவு என்றாலே உடல்வலு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அந்தச் சோதனையில் இருந்தவர்கள் இருவர், இருவரும் ஆண்கள். மாதந்தோறும் ரத்தம் இழக்காத, பிள்ளை பெறாத உடலுக்கு நாளுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். கருவுற்ற பெண்ணுக்கு 27 வேண்டும். இளம் வயதிலேயே தாயாகி, அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவது வழக்கமாக உள்ள நூனவுட் போன்ற பகுதியில் இந்த இடைவெளி சின்ன விஷயம் அல்ல.

இனி தட்டுக்கு வருவோம். 1950, 60-களில் கனடா அரசு நாடோடி வேட்டைக் குடும்பங்களைப் பள்ளியும் மருத்துவச் சாவடியும் உள்ள நிலையான ஊர்களுக்கு நகர்த்தியது. வேட்டைக்குக் காலாக இருந்த இழுவை நாய்கள் ஆயிரக்கணக்கில் செத்தன, கொல்லவும்பட்டன. பாஃபின் பகுதியில் நடந்ததை விசாரித்து கிகிக்டானி உண்மை ஆணையம் 2010-இல் அறிக்கை தந்தது. 2019-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. நாய் போனபின் வந்தது பனி மோட்டார். நாய்க்குச் சீல் இறைச்சியே தீனி. மோட்டாருக்குப் பெட்ரோலும் உதிரிப் பாகமும் வேண்டும், இரண்டும் காசு. அந்தக் காசைச் சீல் தோல் தந்துகொண்டிருந்தது: தோல் சந்தைக்குப் போகும், இறைச்சி வீட்டுக்கு வரும். 1983-இல் ஐரோப்பா வெள்ளைக்குட்டிச் சீல்களின் தோலுக்குத் தடை போட்டது. இனுயிட் வேட்டைக்காரர்கள் வெள்ளைக்குட்டிகளைத் தொடுவதில்லை. ஆனால் சந்தை வகை பிரித்துப் பார்க்கவில்லை, சீல் தோல் மொத்தத்துக்கும் விலை விழுந்தது. 2009-இல் வந்த விரிவான ஐரோப்பியத் தடை இனுயிட் மக்களுக்கு விலக்களித்தது, ஆனாலும் போன சந்தை திரும்பவில்லை. பிரஸ்ஸல்சில் போட்ட கையெழுத்துக்கும் ஆர்க்டிக் கிராமத்துப் பெண்ணின் ஹீமோகுளோபினுக்கும் நேர்க்கோடு வரைந்துகாட்டிய ஆய்வு எதுவும் இல்லை. அப்படி ஒரு கோட்டை நானும் வரையவில்லை. ஆனால் வேட்டை என்பது செலவு பிடிக்கும் வேலையாகி, செலவை ஈடுகட்டும் வருமானம் அற்றுப்போனால் வீட்டுக்கு வரும் இறைச்சி குறையும் என்பதற்குப் புள்ளியியல் தேவையில்லை. நிலத்து வேட்டையும் கைகொடுக்கவில்லை. கியூபெக், லாப்ரடார் பரப்பில் மேய்ந்த ஜார்ஜ் ஆற்றுக் கரிபூ மான் மந்தை 1990-களின் தொடக்கத்தில் ஏழெட்டு லட்சம். 2018-இல் ஆறாயிரத்துக்கும் கீழ். லாப்ரடாரில் 2013 முதல் அதை வேட்டையாடத் தடை. பாஃபின் தீவிலும் 2015 தொடக்கத்தில் கரிபூ வேட்டையை முற்றாக நிறுத்த வேண்டியதாயிற்று.

வேட்டை உணவு விட்ட இடத்தைக் கடை உணவு பிடித்தது. மாவு, சர்க்கரை, சிப்ஸ், குளிர்பானம் எல்லாம் விமானத்திலோ கோடைக் கப்பலிலோ வந்து இறங்குபவை. விலை தெற்கத்திய நகரங்களைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. 2007-08 ஆய்வின்போது நூனவுட் குடும்பங்களில் பத்தில் ஏழு உணவுப் பாதுகாப்பு இல்லாதவை. வளர்ந்த நாடு ஒன்றின் பழங்குடி மக்களிடையே பதிவானவற்றில் இது மிக மோசமான அளவுகளில் ஒன்று. ஆனால் 'குடும்பம்' என்ற அலகும் ஏமாற்றக்கூடியது. பசி வீட்டுக்குள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. நூனவுட்டின் இக்லூலிக் ஊரில் பெண்களிடையே நடந்த ஆய்வு, பிள்ளைகளும் கணவனும் சாப்பிடட்டும் என்று தாய் தன் வேளையைத் தவிர்ப்பதைப் பதிவு செய்தது. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேட்டைக்காரர் இல்லாத வீட்டின் பெண், அதாவது விதவையோ தனித் தாயோ, பகிர்ந்துண்ணும் மரபை நம்பித்தான் இறைச்சிக்குக் காத்திருக்க வேண்டும். அந்த மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பங்கிட வருவதே குறைந்தால் பங்கின் அளவும் குறையும்.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று 2007-08 கப்பல் ஆய்விலிருந்தே கிடைத்தது. பெண்களிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவதோடு நிற்காமல், ஆய்வாளர்கள் ரத்தச் சிவப்பணுக்களின் உறையில் உள்ள ஒமேகா-3 கொழுப்பையும் அளந்தார்கள். சிவப்பணு நூற்றிருபது நாள் வாழும். அதன் உறையில் சேரும் கொழுப்பு கடந்த சில மாதங்களில் கடல் உணவு எவ்வளவு உள்ளே போனது என்பதைச் சொல்லிவிடும். மறதிக்கும் கூச்சத்துக்கும் அங்கே இடமில்லை. 2013-இல் வெளியான முடிவு: உணவுப் பாதுகாப்பு இல்லாத வீட்டுப் பெண்களில், ஒமேகா-3 அதிகம் இருந்தவர்களுக்கு இரும்புச் சேமிப்பு வற்றும் ஆபத்து குறைவு. ஒமேகா-3 இரும்பைத் தருவதில்லை. அது அங்கே ஒரு சாட்சி மட்டும். சீலும் திமிங்கிலமும் வீட்டுக்கு வந்தன என்பதற்கான சாட்சி. கடையை மட்டும் நம்பியிருந்த ஏழை வீட்டுப் பெண்ணைவிட, வேட்டை உணவு எட்டிய ஏழை வீட்டுப் பெண்ணின் ரத்தம் தேறியிருந்தது. கிரீன்லாந்திலும் இதே திசையில் சான்று உண்டு: நில்ஸ் மில்மன் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில் மரபு உணவை அதிகம் உண்டவர்களிடம் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு உயர்ந்திருந்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. அது அலாஸ்காவிலிருந்து வருகிறது. தென்மேற்கு அலாஸ்காவின் யூப்பிக் மக்கள் இனுயிட்டுகளுக்கு நெருங்கிய உறவினர். அவர்கள் உண்ணும் இரும்பு அமெரிக்கப் பொதுமக்கள் உண்பதற்குக் குறைவில்லை என்று 1990-களிலேயே கண்டார்கள். ஆனாலும் இரும்புக் குறைபாடு பரவலாக இருந்தது. தட்டில் இருந்தும் ரத்தத்தில் இல்லையென்றால் என் வாதம் என்னாவது? ரே யிப் முதலானோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு விடையைக் குடலில் தேடியது. கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. குழாய் விட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ எல்லோருக்கும் இரைப்பை அழற்சி. அதன் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரி. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமென்று நிறுவியதற்காக மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு வாங்கித்தந்த அதே கிருமி. கனடாவில் மெக்கன்சி ஆற்று முகத்துவாரத்தின் அக்லாவிக் ஊரில், வயிற்றுப் புற்றுநோய் பற்றிக் கவலைப்பட்ட மக்களே கேட்டதன் பேரில் 2008-இல் தொடங்கிய ஆய்வும், சோதித்தவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கிருமி இருப்பதைக் கண்டது. இது இரண்டு வழியில் கெடுக்கும். அரிப்பு வழியே ரத்தம் கசியும். நாளடைவில் இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் குறையும், அமிலம் குறைந்தால் தாவர இரும்பைக் கரைத்து எடுக்க முடியாது. மூன்றாவதும் ஒன்றுண்டு: உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிச் சுரக்கிறது, அது குடலின் இரும்பு வாசலைச் சாத்திவிடுகிறது. காசநோய் இன்னும் ஓயாத, ஒரே வீட்டில் பத்துப் பேர் நெருங்கி வாழும் ஊர்களில் அழற்சிக்குப் பஞ்சமில்லை.

அப்படியானால் கிருமியைக் கொன்றால் சோகை தீருமா? அலாஸ்காவில் அதையும் செய்து பார்த்தார்கள். பத்துக் கிராமங்களில் 7 முதல் 11 வயது வரையுள்ள 219 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு இரும்பு மாத்திரையோடு கிருமிக்கான மருந்தும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இரும்பு மட்டும். பதினான்கு மாதம் கழித்தும் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்பதாவது மாதத்தில் கிருமி நீங்கியவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. குழாய்நீர் இல்லாத நெருக்கமான வீடுகளில் கிருமி எளிதில் திரும்பிவந்துவிடுகிறது என்பது இன்னொரு தொல்லை. ஆக, கசிவு உண்மை. ஆனால் கசிவு மட்டுமே காரணம் என்பதும் நிற்கவில்லை. எனக்கு இது என் வாதத்தின் தோல்வியாகத் தெரியவில்லை, அதற்கு ஒரு திருத்தமாகத் தெரிகிறது. ஓட்டைப் பானையில் நீர் நிற்க வேண்டுமானால் ஊற்றும் வேகம் கசிவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பொதுமக்களுக்குப் போதுமான அளவு கசியும் இரைப்பைக்குப் போதாது. பழைய வேட்டை உணவு தேவைக்குப் பல மடங்கு மிகுந்த இரும்பைத் தந்தது. கசிவைத் தாங்கிக்கொள்ளும் உபரி அதில் இருந்தது. கடை உணவுக்கு மாறியபோது தொலைந்தது அந்த உபரிதான். சராசரிகளை ஒப்பிடும் ஆய்வில் உபரியின் இழப்பு தெரியவே தெரியாது.

இன்னொரு மறுப்பு சற்று விசித்திரமானது: மரபு உணவே ரத்தத்தை ஒழுகவிடுகிறது என்பது. 1970-களில் டேனிஷ் மருத்துவர்கள் பாங், டையர்பெர்க் இருவரும் கிரீன்லாந்து இனுயிட்டுகளிடம் செய்த ஆய்வுகளில்தான் ஒமேகா-3 மீன் எண்ணெயின் உலகப் புகழ் தொடங்கியது. அவர்கள் கண்ட இன்னொன்று, அங்கே காயத்தில் ரத்தம் உறைய நேரம் கூடுதலாகிறது என்பது. அப்படியென்றால் கடல் கொழுப்பு அதிகம் உண்ணும் பெண்ணுக்கு மாதவிடாயிலும் குடலிலும் இழப்பு கூடுமே என்று சந்தேகிப்பது நியாயம். ஏரணத்தில் பழுதில்லை. ஆனால் அது சரியாக இருந்தால் ஒமேகா-3 கூடக்கூட இரும்பு குறைய வேண்டும். 2007-08 ஆய்வில், வறிய வீட்டுப் பெண்களிடம், நேர் எதிரானது தெரிந்தது. கொழுப்பால் சிறிது கசிந்தாலும் அந்தக் கொழுப்போடு சேர்ந்து வரும் கருஞ்சிவப்பு இறைச்சி அதை ஈடுகட்டி மிஞ்சுகிறது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. மீன் எண்ணெயைக் குப்பியில் அடைத்து விற்கும் உலகுக்குத்தான் கொழுப்பு தனி, இறைச்சி தனி. இனுயிட் சமையலில் இரண்டும் ஒரே உடலிலிருந்து வெட்டப்படுபவை.

எண்களையே சந்தேகிப்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்; அவர்கள் சொல்வதில் நியாயம் நிறைய இருக்கிறது. ரத்தசோகையும் இரும்புக் குறைபாடும் ஒன்றல்ல. லிட்டருக்கு 120 கிராமுக்குக் கீழ் ஹீமோகுளோபின் இறங்கினால் கருவுறாத பெண்ணுக்குச் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டிருக்கிறது. மில்மன் குழுவே 2001-இல் கிரீன்லாந்து மக்களையும் டேனிஷ் மக்களையும் ஒப்பிட்டபோது, கிரீன்லாந்தவரின் ஹீமோகுளோபின் இயல்பிலேயே சற்றுக் குறைவு என்று கண்டது. அப்படியானால் ஐரோப்பிய உடலை அளவுகோலாக்கிப் போட்ட கோடு சில ஆரோக்கியமான பெண்களையும் நோயாளிகளாக எண்ணிவிடும். எதிர்த்திசையிலும் பிழை உண்டு. புகைப்பழக்கம் ஹீமோகுளோபினை உயர்த்திக் காட்டும். கனடாவின் இனுயிட் பெரியவர்களில் பாதிக்கு மேல் புகைப்பவர்கள். அழற்சியும் உடற்பருமனும் ஃபெரிட்டினைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். சேமிப்பு காலியான பெண்ணும் நலமாக இருப்பதாகத் தாளில் தெரிவாள். இந்தப் பிழைகள் ஒன்றையொன்று சரியாகச் சமன்செய்துவிடும் என்று நம்புவது சோம்பேறித்தனம். ஆனால் ஒரே மக்களுக்குள், ஒரே அளவுகோலால், வேட்டை உணவு உண்பவரையும் உண்ணாதவரையும் ஒப்பிடும்போது கோடு எங்கே போடப்பட்டது என்பது அவ்வளவு பொருட்டல்ல. என் வாதம் சோகையின் மொத்தச் சதவீதத்தில் நிற்கவில்லை, அந்த ஒப்பீட்டில் நிற்கிறது.

ஊட்டச்சத்து அறிவு போதவில்லை, சொல்லிக்கொடுத்தால் சரியாகும் என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கலாம். பாஃபின் தீவின் கிளைட் ரிவர் ஊரில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கிறிஸ்டன் போரே 1991-இல் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். சீலின் ரத்தம் மனித ரத்தத்தைத் தெம்பாக்குகிறது, சீல் உண்ணாதவரின் ரத்தம் வெளிறுகிறது, உடல் குளிர்கிறது, மனம் சோர்கிறது என்பது அவ்வூர் மக்களின் மருத்துவக் கோட்பாடு. பரிசோதனைக் கூடம் ஃபெரிட்டின் என்று பெயரிடுவதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். குறைவது அறிவு அன்று. மாத்திரையும் செறிவூட்டிய மாவும் போதுமே என்பவர்களுக்கு: கனடாவின் வெள்ளை மாவில் பல பத்தாண்டுகளாக இரும்பு சேர்க்கிறார்கள். அந்த மாவில் சுடும் பானக் ரொட்டியைக் கடுந்தேநீரோடு தின்னும்போது அந்த இரும்பில் எவ்வளவு உடலில் ஒட்டும் என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும்.

மிகக் கடினமான மறுப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்: பாதரசம். தெற்கின் நிலக்கரி உலைகளும் சுரங்கங்களும் கக்கும் பாதரசம் காற்றிலும் கடல் நீரோட்டத்திலும் வடக்கே வந்து, சிறு உயிரியிலிருந்து பெரு விலங்குக்கு ஏற ஏறச் செறிகிறது. தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அது கொழுப்பில் தங்குவதைவிட இறைச்சியிலும் ஈரலிலும்தான் தங்கும். இரும்பு இருக்கும் அதே இடத்தில். கருவிலுள்ள பிள்ளையின் மூளையை அது பாதிக்கும் என்பதற்கு நூனவிக் குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்விலேயே சான்று உண்டு. எனவே 2011-இல் நூனவிக்கின் சுகாதாரத் துறை, பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் பெலுகா இறைச்சியைக் குறைக்கச் சொன்னது. 2012-இல் நூனவுட் அரசு, அத்தகைய பெண்கள் வளையச் சீலின் ஈரலைத் தவிர்த்து அதன் இறைச்சியை உண்ணலாம் என்றது. இரண்டு அறிவுரையும் அறிவியல்படி சரியே. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நூனவுட் ஒன்றை எடுத்த கையோடு அதே விலங்கிலிருந்து, இரும்பில் கைவைக்காமல், இன்னொன்றைக் கொடுத்தது. வளையச் சீலின் இறைச்சியில் பாதரசம் குறைவு, இரும்பு அப்படியே இருக்கிறது. நூனவிக்கில் ஹட்சன் விரிகுடாக் கரையின் சில ஊர்களில் கருவுற்ற பெண்களுக்கு ஆர்க்டிக் சார் மீனை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதரசம் குறைந்த, ஒமேகா-3 நிறைந்த, பெண்கள் விரும்பி வாங்கிய நல்ல மீன். நூறு கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. எதைத் தவிர்ப்பது என்று யோசித்தவர்கள் அதனால் எது குறையும் என்று எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. தெற்கிலிருந்து வரும் கடை உணவுக்கு விமானக் கட்டணத்தில் தள்ளுபடி தர கனடா அரசு 'நியூட்ரிஷன் நார்த்' திட்டத்தை 2011-இல் தொடங்கியது. தள்ளுபடி முழுதும் வாடிக்கையாளரின் கைக்கு வருகிறதா என்று உறுதிசெய்ய வழியில்லை என 2014-இல் தலைமைத் தணிக்கையாளரே குறை சொன்னார். வேட்டைக்காரரின் பெட்ரோலுக்கும் தோட்டாவுக்கும் உதவும் மானியம் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது 2020-இல்.